நாய்க்கான சொட்டு மருந்தும் பூனையின் உயிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டுப் பூனை ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது. தெள்ளுப்பூச்சிதான் என்று தெரிந்ததால், அருகிலுள்ள செல்லப்பிராணிக் கடையில் மருந்து கேட்டேன். பின்கழுத்தில் விட்டால் போதும் என்று சொல்லி ஒரு சிறு குப்பியைக் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் பூனையின் காதுகள் தாமாகவே துடிக்கத் தொடங்கின. வாயில் எச்சில் வழிந்தது. தண்ணீர்த் தட்டை நோக்கி நடக்க முயன்று, பின்னங்கால்கள் நடுங்க, சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது. கால்நடை மருத்துவர் குப்பியைப் பார்த்தவுடன், இது நாய்க்கான மருந்து, பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்தது என்றார். இரண்டு நாள் சிகிச்சைக்குப் பிறகே எங்கள் பூனை பிழைத்தது. மற்றொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாயின் உடல் தாங்கிக்கொள்ளும் பெர்மெத்ரினைப் பூனையின் உடல் தாங்காது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு என்பதால், நாய்க்கான சொட்டு மருந்தில் உள்ள அளவே பூனைக்கு வலிப்பையும் மரணத்தையும் உண்டாக்கப் போதுமானது. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் இந்த ஆபத்து உண்டு. தவறுதலாக விட்டுவிட்டால், சற்றும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதோடு, அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அதற்காகத் தெள்ளுப்பூச்சியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. பூனையின் ஆசனவாயைச் சுற்றியும், அது படுத்து எழுந்த துணியிலும் அரிசி மணி போன்ற வெள்ளைத் துணுக்குகளைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை நாடாப்புழுவின் உடற்கண்ணிகள். புதிதாக விழுந்தவை மெல்ல நெளியும், காய்ந்தவை எள்ளைப் போலச் சுருங்கியிருக்கும். இந்த நாடாப்புழுவின் இளம்பருவம் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில்தான் வளர்கிறது. பூனை தன்னை நக்கித் தூய்மை செய்யும்போது பூச்சியையும் விழுங்குகிறது. ஏறக்குறைய மூன்று வாரங்களில் அரிசி மணிகள் மீண்டும் தோன்றுகின்றன. "பூச்சி மாத்திரை கொடுத்தும் பயனில்லை" என்று வருந்துவோர் பலரின் வீட்டில் நடப்பது இதுவே. மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைக் கொன்றுவிடுகிறது; தெள்ளுப்பூச்சியோ பாயிலும் மெத்தையிலும் பெருகிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை மயிரில் ஒட்டாமல் தரையில் உதிர்வதாலும், கூட்டுப்புழுப் பருவத்தில் அவை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் என்பதாலும், பூனைக்கு மட்டும் மருந்திட்டு வீட்டை விட்டுவிடுவது பாதி வேலைதான். படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவதையும், கட்டிலுக்கு அடியிலும் மூலைகளிலும் தூசி தங்காமல் பார்த்துக்கொள்வதையும் மூன்று மாதங்களாவது விடாமல் செய்ய வேண்டும்.

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அது இருப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெள்ளைத்தாளின் மேல் பூனையை நிறுத்தி, வாலின் அடிப்பகுதியைப் பேன் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போன்ற கரும்பொடி உதிர்ந்தால், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது வெறும் மண்ணன்று. பூனையின் இரத்தத்தைக் குடித்த பூச்சியின் கழிவு. பூச்சி மிகுந்த குட்டிகள் இரத்தச்சோகையாலேயே இறந்துவிடுவதுண்டு. ஈறுகள் வெளிறியிருந்தால் தாமதிக்கக் கூடாது.

குட்டிகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்பிய வயிற்றோடு திரியும் குட்டியைப் பார்த்து, வயிறாரச் சாப்பிடுகிறது என்று மகிழ்கிறோம். முதுகெலும்பு துருத்திக்கொண்டு வயிறு மட்டும் பருத்திருந்தால், பெரும்பாலும் அது உருண்டைப்புழு. தாய்ப்பாலின் வழியாகவே இப்புழு குட்டிக்கு வந்துவிடுவதால், பிறந்த மூன்றாவது வாரத்திலேயே குடற்புழு நீக்கத்தைத் தொடங்கி, பால் மறக்கும் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் மருத்துவரிடம் எடை பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுப்பது கூடவே கூடாது. அது பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. மண்ணெண்ணெய், பினாயில், பாச்சை உருண்டை ஆகியவற்றைப் பூச்சிக்காகப் பூனையின் மேல் பூசுவதும் கூடாது. உடம்பில் பூசியதைப் பூனை நக்கி உட்கொண்டுவிடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டிலிருந்து பூனையை விரட்டிவிடும் வழக்கமும் வேதனைக்குரியது. பூனையின் மலத்தின் வழியாகப் பரவி, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் மலத்தோடு வெளிவந்த பிறகு, நோயைப் பரப்பும் நிலையை அடைய அதற்கு ஒரு நாளாவது தேவைப்படுகிறது. ஆகவே மணல் தட்டை வீட்டிலுள்ள வேறொருவர் நாள்தோறும் தூய்மை செய்வதும், பூனைக்குப் பச்சை இறைச்சி தராதிருப்பதும், நாமும் இறைச்சியை நன்கு வேகவைத்து உண்பதும், தோட்ட மண்ணைத் தொட்டபின் கைகழுவுவதும் ஆபத்தைப் பெருமளவு குறைத்துவிடும்.

பெர்மெத்ரின் கலந்த ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும், "பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற எச்சரிக்கையைப் பெரிய தமிழ் எழுத்தில், பூனைப் படத்தின் மேல் சிவப்புக் கோடிட்டு அச்சிட வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, கால்நடை மருந்தகங்களின் வாசலில் கால்நடை பராமரிப்புத் துறை இதை ஒரு பலகையில் எழுதிவைக்கலாம். கடைக்காரர்களும், மருந்தை எடுத்துக் கொடுக்கும் முன் "நாய்க்கா, பூனைக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். என்னிடம் அன்று யாரும் அதைக் கேட்கவில்லை.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி.