ஈஸ்ட் ஹாமில் உனக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனசிலேயே நிற்கிறது. அதனால்தான் கடிதம்.

லண்டனில் நீ குடியிருக்கிற ஈஸ்ட் ஹாமின் கவுன்சிலிலிருந்து, அதாவது நம் நகராட்சி மாதிரியான அமைப்பிலிருந்து, வாக்காளர் விவரம் கேட்டு ஒரு படிவம் வந்ததாம். அது நமக்கு இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டாயாம். "நாம என்னம்மா இந்த ஊர்க்காரங்களா? வரி கட்டுறோம், குப்பை எடுக்கிறாங்க, அதோட சரி" என்றாய். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நகராட்சியில் பில் கலெக்டராகச் சேர்ந்து 32 வருஷம் வேலை பார்த்தவள் பெற்ற பெண் நீ.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவம் உனக்கும்தான். பிரிட்டனில் முறையான அனுமதியோடு குடியிருக்கிற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே ஓட்டுரிமை உண்டு. இந்திய பாஸ்போர்ட், வேலை விசா, இது போதும். கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, அவர்கள் பாராளுமன்றத் தேர்தலிலும் நீ ஓட்டுப் போடலாம். பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 மே முதல் இங்கிலாந்தில் ஓட்டுச்சாவடிக்குப் படம் ஒட்டிய அடையாளம் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம். அதற்கும் உன் பாஸ்போர்ட்டையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

போன வருஷம் உன்னோடு மூன்று மாதம் இருந்தேனே, நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபிறகு நான் தினமும் நடந்துபோய் ஈஸ்ட் ஹாம் டவுன் ஹால் எதிரில் நிற்பேன். சிவப்புச் செங்கல் கட்டடம், மேலே மணிக்கூண்டு. 1903-ல் திறந்தது. கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் நூலகத்துக்குப் போய் அந்த ஊர்ச் சரித்திரத்தைப் புரட்டுவேன். அங்கே படித்ததும், ஊருக்கு வந்தபிறகு தேடிப் படித்ததும் கொஞ்சம் சொல்கிறேன், கேள்.

'ஹாம்' என்றால் பழைய ஆங்கிலத்தில் ஆறுகளும் சதுப்பும் சூழ்ந்த நிலம். மேற்கே லீ ஆறு, கிழக்கே ரோடிங் ஆறு, தெற்கே தேம்ஸ். நம் குத்தாலத்துக்குத் திருத்துருத்தி என்று பழைய பெயர் இருக்கிறதே, துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, கிட்டத்தட்ட அதே பொருள். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காவிரிக் கரையில் பிறந்தவள் அப்படி ஒரு நிலத்துக்கே குடிபோயிருக்கிறாய்.

அங்கே இருந்தவர்களும் முக்கால்வாசிப் பேர் பிழைக்க வந்தவர்கள்தான். உன் ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்து ஊர் வெஸ்ட் ஹாம். 1851-ல் அங்கே சுமார் 19,000 பேர். 1901-ல் 2,67,000 பேர். ஐம்பதே வருஷம்! லீ ஆற்றுக்கு மேற்கே லண்டன், கிழக்கே எஸ்ஸெக்ஸ் மாவட்டம். நாற்றமும் நஞ்சும் கிளப்பும் தொழில்களுக்கு லண்டனுக்குள் கட்டுப்பாடு போட்டதும், அவை ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டன. 1855-ல் ராயல் விக்டோரியா கப்பல்துறை, 1870-ல் பெக்டன் எரிவாயுத் தொழிற்சாலை. வேலை இருந்தது. வீடும் தண்ணீரும் சாக்கடையும் யார் பார்ப்பது? அதற்காக முதலில் ஒரு சுகாதார வாரியம் வந்தது, 1886-ல் வெஸ்ட் ஹாம் பரோ ஆனது. 'பரோ' என்பது ஆதியில் அரண் கட்டிய ஊர். பிறகு அரச சாசனம் பெற்றுத் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் ஊருக்கு அந்தப் பெயர் நின்றது. மேயர், ஆல்டர்மேன் என்கிற மூத்த உறுப்பினர், கவுன்சிலர் எல்லாம் அந்தச் சாசனத்தோடு வருகிற பதவிகள்.

இதிலே நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துச் சாசனத்தில், 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கிவிட்டது. மேயர், ஆல்டர்மேன் எல்லாம் அதே அமைப்புதான். வெஸ்ட் ஹாமுக்கு மேயர் வருவதற்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்பே மதராஸுக்கு மேயர் வந்தாயிற்று. மேயர் போட்டுக்கொள்கிற அந்த அங்கியும் சங்கிலியும் உனக்கு அந்நியமான சமாசாரம் இல்லை.

அந்தப் பெக்டன் எரிவாயுத் தொழிற்சாலையில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கரி அள்ளிய தொழிலாளிகளை வில் தோர்ன் என்பவர் 1889-ல் சங்கமாகத் திரட்டி, வேலையை எட்டு மணி நேரமாகக் குறைக்க வைத்தார். சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர், எழுதப் படிக்கத் தடுமாறியவர். 1891-ல் அவர் வெஸ்ட் ஹாம் கவுன்சிலர் ஆகிவிட்டார். 1898-ல் அங்கே தொழிலாளர் அணி பெரும்பான்மை பிடித்தது. பிரிட்டனிலேயே முதன்முதலாகத் தொழிலாளர் கையில் வந்த கவுன்சில் அதுதான். அந்த ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் கரி அள்ளினவர்கள் மன்றத்தில் உட்கார்ந்து தங்கள் தெருவுக்குத் தாங்களே தீர்மானம் போட்டார்கள் என்பதை யாராலும் அழிக்க முடியாது.

டெய்சி பார்சன்ஸ் என்ற பெண்மணியைப் பற்றியும் படித்தேன். சிகரெட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1914-ல் கிழக்கு லண்டன் பெண்கள் குழுவோடு பிரதமர் ஆஸ்க்வித்தை நேரில் பார்த்து ஓட்டுரிமை கேட்டவர். 1936-ல் வெஸ்ட் ஹாமின் முதல் பெண் மேயர். கெஞ்சியும் போராடியும் அவர்கள் வாங்கிய ஒன்றை, உனக்குத் தபாலில் அனுப்பிவைத்திருக்கிறார்கள். நீ அதை ஓரமாக வைத்திருக்கிறாய்.

இப்போது என் நெஞ்சைத் தைத்த கதை. அந்தக் காலத்தில் ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுக்க 'காப்பாளர்கள்' என்று தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியம் இருந்தது. வேலையில்லாக் காலத்தில் வெஸ்ட் ஹாம் காப்பாளர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள், கடன் ஏறியது. 1926-ல் மத்திய அமைச்சர் நெவில் சேம்பர்லேன் ஒரு சட்டமே கொண்டுவந்து அவர்களை நீக்கி, நியமன ஆட்களை உட்கார வைத்தார். வந்தவர்கள் உதவித்தொகையை வெட்டினார்கள். கணக்கு சரியாயிற்று, அடுப்பு அணைந்தது.

உனக்கு இது புரியும். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் மன்றமே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. என் சர்வீஸின் கடைசி மூன்று வருஷம் அப்படித்தான் போனது. கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை தண்ணீர் வரவில்லை என்றால் காலங்கார்த்தாலே கவுன்சிலர் வீட்டு வாசலில் குடத்தோடு நின்ற பெண்கள், அப்புறம் ஆபீஸ் வராந்தாவில் வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ரசீது போடுகிறவள், என்னால் என்ன முடியும்? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வர வேண்டிய ஆள் ஒருத்தர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அப்போது பார்த்தேன். அதனால்தான் "அதோட சரி" என்று நீ சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை.

சரி, இப்போதைய அமைப்பு. 1963-ம் வருஷச் சட்டப்படி 1965 ஏப்ரல் 1-ந் தேதி ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் சேர்ந்தன. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வுல்விச் பரோவுக்குச் சொந்தமான இக்கரைத் துண்டும், பார்க்கிங் (Barking) என்ற பக்கத்து ஊரின் ஒரு சிறு ஓரமும் கூடச் சேர்ந்தன. பிறந்த புதுப் பரோவுக்கு நியூஹாம் என்று பெயர். லண்டனின் 32 பரோக்களில் ஒன்று.

மூன்றே வருஷத்தில் பெரிய அடி விழுந்தது. நியூஹாமில் உள்ள கேனிங் டவுனில் 22 மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கவுன்சில் கட்டி, கவுன்சிலின் வீட்டுவசதிக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஹாரி ரோனன் பெயரால் ரோனன் பாயின்ட் என்று வைத்திருந்தது. வார்த்துவைத்த கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய கட்டடம். 1968 மே 16 விடியற்காலையில், 18-வது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் செத்துப்போனார்கள். பலப்படுத்தி மறுபடியும் ஆட்களைக் குடிவைத்தார்கள். குடியிருந்தவர்களும் சாம் வெப் என்ற கட்டடக் கலைஞரும் விடாமல் கேள்வி கேட்டார்கள். கடைசியில் 1986-ல் கட்டடத்தைப் பிரித்தபோது, இணைப்புகள் சரியாக நிரப்பப்படாமலே இருந்தது தெரிந்தது. வீடு கொடுக்க வேண்டும் என்று நல்ல மனசோடு அவசரப்பட்ட கவுன்சில்தான் அதையும் கட்டியது. நல்லவர்களைத் தேர்ந்தெடுத்தாலும் கேள்வி கேட்க ஆள் வேண்டும், கண்ணு.

2002-லிருந்து நியூஹாமில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் 1996-ல் வைத்து, அப்புறம் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொண்ட முறை. அங்கே 2021-ல், மேயர் வேண்டுமா, குழுக்கள் ஆளும் பழைய முறை வேண்டுமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். மேயரே இருக்கட்டும் என்று தீர்ப்பு. மேயர் தன் அமைச்சரவையை அமைத்துக்கொள்வார். பட்ஜெட்டையும் வரியையும் முழு மன்றம்தான் நிறைவேற்ற வேண்டும். 2022-லிருந்து 24 வார்டு, 66 கவுன்சிலர்கள். தேர்தல் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, மே மாத முதல் வியாழக்கிழமை.

2010, 2014, 2018 மூன்று தேர்தலிலும் அப்போதிருந்த 60 இடங்களையும் லேபர் கட்சி, அதாவது தொழிலாளர் கட்சி, ஒன்றே பிடித்தது. எனக்கு அந்தக் கட்சி மேல் மரியாதை உண்டு, வில் தோர்ன் கட்சி ஆயிற்றே. ஆனால் எதிர்வரிசையே இல்லாத மன்றம் நல்லதில்லை. அது யார் வந்தாலும் அப்படித்தான். 2022-ல் பசுமைக் கட்சிக்கு இரண்டு இடம் கிடைத்தது என்று படித்தபோது ஒரு நிம்மதி.

உன் கவுன்சில் வரி பில்லை எடுத்துப் பார். பரோவுக்கு ஒரு தொகை, லண்டன் மேயரின் அமைப்புக்கு ஒரு தொகை என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். வசூல் முழுக்க பரோவே செய்கிறது. வீட்டின் மதிப்பை 1991 ஏப்ரலில் அது என்ன விலை போயிருக்கும் என்று வைத்துத்தான் ஏ முதல் எச் வரை வகுத்திருக்கிறார்கள். புதிதாகக் கட்டின வீட்டுக்கும் அந்த 1991 கணக்குதான். நான் வரி போட்டவள், இது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வருஷக் கணக்கை 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். மன்றக் கூட்டத்துக்கும் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஒரு சாயங்காலம் போய்விட்டு வா. எனக்காகப் போ.

வி. கே. கிருஷ்ண மேனனை உனக்குப் பாதுகாப்பு அமைச்சராகத்தான் தெரியும். கோழிக்கோட்டுக்காரர், நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1934-லிருந்து 1947 வரை லண்டனில் செயின்ட் பேங்க்ரஸ் பரோவின் கவுன்சிலர். இந்திய விடுதலைக்கு மேடை மேடையாகப் பேசிக்கொண்டே, அந்த ஊர் நூலகங்களுக்காகவும் பாடுபட்டிருக்கிறார். நம் நாடு வேறு, குடியிருக்கிற தெரு வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த பரோ 1955-ல் அவருக்குத் தன் உயர்ந்த கௌரவத்தைக் கொடுத்தது.

அந்தப் படிவத்தைத் தேடி எடு. ஃபிரிட்ஜ் மேலே விளம்பரக் காகிதங்களுக்கு நடுவில் இருக்கும், உன் வழக்கம் எனக்குத் தெரியும். உன் பெயர், மாப்பிள்ளை பெயர் இரண்டையும் எழுது. குடியுரிமை என்கிற இடத்தில் இந்தியா என்று எழுத யோசிக்காதே. பதிவான கடிதம் வந்ததும் அதைப் படம் எடுத்து அனுப்பு. அப்பாவிடம் காட்ட வேண்டும். அவர் இப்போதே உன் வார்டு எது, கவுன்சிலர் யார் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாரத்தங்காய் உப்பில் போட்டு வெயிலில் காய்கிறது. அடுத்த மாதம் யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா