ஈரப்பதக் கருவியை யார் சோதிக்கிறார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை பெய்துவிட்டால் போதும், கொள்முதல் நெல்லின் ஈரப்பத உச்ச வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆகத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு தில்லிக்கு எழுதும். மத்தியக் குழு டெல்டாவுக்கு வந்து மாதிரி எடுத்துப் போகும். அது நடக்கட்டும். என் கேள்வி, அந்த 17-ஐக் காட்டும் கருவியைப் பற்றியது.

போன சம்பாவில் எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் என் நெல்லுக்கு 18.2 காட்டியது. அதே குவியலிலிருந்து இன்னொரு பிடி அள்ளிப் போடச் சொன்னேன், 16.8. முதல் எண்ணோடு விட்டிருந்தால் மறுபடி களத்தில் கொட்டிக் கிளறியிருக்க வேண்டும், ஆள்கூலி வேறு. மின்னணுத் தராசை ஆண்டுக்கொருமுறை சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது விதி. எங்கள் நிலையத் தராசில் முத்திரை இருக்கிறது. ஈரப்பதக் கருவியில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. நெல் தராசில் ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்வதே அந்தக் கருவிதான்!

அப்புறம் எடை. சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, 40 கிலோ நெல், சாக்கு எடை தனி. ஆனால் ஒரு கிலோ கூடுதலாகப் பிடிக்கிறார்கள். குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் சிப்பத்துக்கு 25 ரூபாய் போச்சு. இதற்கு நிலையத்தில் இருக்கும் பட்டியல் எழுத்தரை மட்டும் திட்டிப் பயனில்லை. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ நெல், திறந்தவெளியில் கிடந்து 14-க்குக் காய்ந்தால் சுமார் 38.6 கிலோதான் நிற்கும். யாரும் திருடவில்லை, ஈரம் போயிருக்கிறது. லாரி வராமல் மூட்டைகள் தேங்கினால் அந்தக் குறைவு ஊழியர் தலையில் விழுகிறது. அவர் முன்கூட்டியே எங்களிடம் பிடித்துக்கொள்கிறார்.

வாங்கும்போதும் கிடங்கில் இறக்கும்போதும் ஈரப்பதத்தைக் குறித்துவைத்து, காய்ந்து குறைந்த எடையைக் கணக்கிலேயே கழித்துவிட்டால் ஊழியருக்கும் பயம் இருக்காது. எங்கள் ரசீதிலும் அந்த ஈரப்பத எண்ணை அச்சிடலாம். முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்றை நிலையத்தில் வைத்தால், சந்தேகப்படுகிறவர் தாமே தராசில் ஏற்றிப் பார்த்துக்கொள்வார்.

குறுவை நெல் செப்டம்பரில் வரத் தொடங்கிவிடும். மற்றதற்கு நாளாகும் என்றால், ஈரப்பதக் கருவிகளை மட்டுமாவது அதற்குள் ஆய்வகத்தில் சரிபார்த்து, தேதி போட்டு ஒட்டி அதிகாரிகள் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்.