டீசல் அளவு சென்சாரைச் சோதித்த பிறகே ஓட்டுநர் மீது நடவடிக்கை எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
அரசு வாகன ஓட்டுநர்,
காரைக்குடி.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: அரசு ஜீப் – டாங்கில் டீசல் குறைந்ததாக ஜிபிஎஸ் பதிவு – ஓட்டுநர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய உத்தேசம் – சென்சாரைச் சோதிக்கும் வரை நிறுத்தி வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் ஜீப்பை ஓட்டி வருகிறேன். கல்லல், சாக்கோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று கண்மாயும் ஊருணியும் இருக்கிற பக்கமெல்லாம் அதிகாரிகளைக் களப்பணிக்கு அழைத்துப் போவது என் வேலை. அலுவலகத்தின் பெயர், வண்டி எண், என் பணி விவரம் எல்லாவற்றையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். என் அதிகாரிகள் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை என்பதால் அவற்றை மனுவில் எழுதவில்லை.

வண்டியில் பொருத்தியிருக்கும் ஜிபிஎஸ் கருவி, டாங்கில் இருந்து 14 லிட்டர் டீசல் ஒரே நேரத்தில் குறைந்ததாகப் பதிவு செய்திருக்கிறது. அதை நான் இறக்கி விற்றுவிட்டதாகக் கருதி, தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் சிறு தண்டனைகளுக்கான 17(அ) பிரிவின் கீழ் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். "கருவி பொய் சொல்லாது" என்று ஒற்றை வரியில் அதை நிராகரித்துவிட்டு, டீசலுக்கான தொகையைச் சம்பளத்தில் பிடிக்க உத்தேசித்திருப்பதாகச் சொல்கிறார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் பணிப்பதிவேட்டில் திருட்டு என்று ஏறிவிட்டால் ஓய்வு பெறும் வரை அது என் கூடவே வரும்.

கருவி பொய் சொல்லாது, சரி. ஆனால் அந்தக் கருவி டீசலைப் பார்ப்பதே இல்லை. டாங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையின் கம்பி மறுமுனையில் ஒரு சிறிய ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) தகட்டின் மீது உரசி நகர்கிறது. அந்த ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் என்பதை வைத்துத்தான் டேஷ்போர்டு முள் ஆடுகிறது. எங்கள் வண்டியில் டாங்க் நிறைந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியானால் அதிகம். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். ஆக, வழியில் எங்கேயாவது ஒரு கனெக்டர் துருப்பிடித்தாலும், எர்த் வயர் தளர்ந்தாலும் ரெசிஸ்டன்ஸ் கூடும். மீட்டர் அதை 'டீசல் குறைந்துவிட்டது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். டாங்கில் ஒரு சொட்டுக்கூட வெளியே போயிருக்காது.

விசாரணையில் ஒரு கேள்வி கேட்டார்கள். டேஷ்போர்டு மீட்டரும் குறைவாகக் காட்டியது, ஜிபிஎஸ்ஸும் குறைவாகக் காட்டியது, இரண்டு கருவி சேர்ந்து தப்பாகுமா என்று. கேட்பவருக்கு இது நியாயமாகத்தான் படும். ஆனால் எங்கள் வண்டியில் ஜிபிஎஸ்ஸுக்கென்று தனி சென்சார் டாங்கில் இறக்கவில்லை. மீட்டருக்குப் போகும் அதே வயரில் ஒரு கிளை எடுத்து ஜிபிஎஸ் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். செலவு மிச்சம் என்று பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரே ஆள் சொன்னதை இரண்டு பேர் கேட்டுவிட்டு வந்து சாட்சி சொல்வது மாதிரி இது. மிதவையோ எர்த்தோ கெட்டால் இரண்டும் சேர்ந்தேதான் கெடும்.

குறிப்பாணையோடு கொடுத்த வரைபடத்தைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் நகலை இணைத்துள்ளேன். 14 லிட்டரும் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில், ஒரே நிமிடத்தில், செங்குத்தாக இறங்குகிறது. டியூப் போட்டு உறிஞ்சி டீசல் எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கேன் நிறைவதற்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று. அப்படி எடுத்திருந்தால் கோடு சரிவாக இறங்கியிருக்கும். அதைவிட முக்கியமானது, அதே தாளின் வலது ஓரத்தில் இருக்கிறது. வண்டி கண்மாய்க் கரையை விட்டு இறங்கித் தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் வந்ததும் கோடு மறுபடி மேலே ஏறி, பழைய இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இடையில் எந்த பங்க்கிலும் வண்டி நிற்கவில்லை. அதையும் அதே ஜிபிஎஸ்தான் சொல்கிறது. குறைந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். திரும்ப ஏறிய டீசலை யார் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கருவி நிறுவனத்தின் மென்பொருள் இறக்கத்துக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்புகிறது, ஏற்றத்துக்கு அனுப்புவதில்லை. அதனால்தான் அலுவலகத்தில் ஒரு பாதி மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

அன்று வண்டி நின்ற இடத்தையும் சொல்ல வேண்டும். கரை குறுகல் என்பதால் இரண்டு சக்கரம் மேட்டிலும் இரண்டு சக்கரம் சரிவிலுமாக நிறுத்தியிருந்தேன். டாங்கில் மிதவை இருப்பது ஒரே இடத்தில். வண்டி சாய்ந்தால் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவை காட்டும் அளவு மாறும். சமதளத்தில் ஒருமுறையும் அதே கரையில் ஒருமுறையும் நிறுத்தி ரீடிங் எடுத்தால் சாய்வினால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பது தெரிந்துவிடும். 14 லிட்டரும் சாய்வினாலேயே வந்தது என்று நான் வாதாடவில்லை. பெரிய காரணம் எர்த் வயர் என்பதே என் எண்ணம்.

அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. அலுவலக உதவியாளர் முன்னிலையில், டாங்கைத் தொடாமல், வெளியே தெரியும் வயரிங்கை மட்டும் ஊரில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துப் பார்த்தோம். சேஸிஸில் எர்த் வயரைப் பிடிக்கும் வளையத்தின் மேல் செம்மண் சேறு காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டியதும் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பெயிண்டுக்கு அடியில் துரு. சாவியை ஆன் செய்துவிட்டு அந்த வயரை விரலால் அசைத்தபோது, முள் அரை டாங்கில் இருந்து மெல்ல இறங்கியது. கையை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மெல்ல ஏறியது. (குலுங்கலில் முள் துள்ளாமல் இருக்க மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நகர வைத்திருப்பார்கள், அதனால் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.) அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பார்த்தார். நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 0.7 காட்டியது. உதவியாளர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். என் விளக்கத்தோடு அந்தப் படத்தையும் கொடுத்தேன். அதைப் பற்றி நிராகரிப்பு உத்தரவில் ஒரு சொல் இல்லை. உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி 1953 முதல் இயங்கிவரும் ஊரில், பச்சை பூத்த ஒரு வயருக்காக ஓர் ஓட்டுநர் திருடன் ஆகிறான் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

லாக் புக்கையும் பார்க்கலாம். டாங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்பதைக் கிலோமீட்டரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் மைலேஜ் வந்துவிடும். இதில் சென்சாருக்கு எந்த வேலையும் இல்லை. பங்க் பில்லும் ஓடோமீட்டரும் போதும். அந்த மாதத்திலும் வண்டி வழக்கம்போல லிட்டருக்கு 11, 12 கிலோமீட்டர்தான் கொடுத்திருக்கிறது. 14 லிட்டரை எடுத்திருந்தால் 150 கிலோமீட்டருக்கு மேல் கணக்கில் துண்டு விழ வேண்டும். விழவில்லை. பில்களின் நகலும் லாக் புக் பக்கங்களும் இணைப்பில் உள்ளன.

ஆகவே, சென்சாரையும் வயரிங்கையும் அரசு தானியங்கிப் பணிமனையில் முறையாகச் சோதித்து, ரீடிங்குகளை எழுத்தில் பதிவு செய்து அறிக்கை தரும்படி உத்தரவிட வேண்டுகிறேன். சோதனையின்போது நானும் அலுவலகப் பிரதிநிதி ஒருவரும் உடனிருக்க அனுமதிக்க வேண்டும். பழுதை இப்போதே யாரும் தற்காலிகமாகச் சரிசெய்துவிடாமல், இருக்கிற நிலையிலேயே வண்டியை முதலில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். எர்த்தைச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டால் மறுநாள் எல்லாம் சரியாகக் காட்டும். பிறகு கருவி நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சோதனை என்றால் சென்சாரை மாற்றிப் பார்ப்பது அல்ல. முதலில் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்க உதவும் ஓ.பி.டி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, பி 0460 முதல் பி 0464 வரையிலான பழுதுக் குறியீடுகள் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். டீசல் அளவு சென்சார் சர்க்யூட்டுக்கான குறியீடுகள் அவைதான். அதில் பி 0464 விட்டு விட்டு வரும் பழுதைக் குறிப்பது. எங்கள் வண்டிக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். குறியீடு இல்லை என்பதாலேயே பழுது இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அடுத்து சென்சார் கனெக்டரைக் கழற்றினால் எங்கள் வண்டியில் முள் காலிக்குப் போக வேண்டும். கனெக்டரின் வயர் பக்கத்தில், சென்சார் இருந்த இடத்தில், நிறைந்த டாங்குக்கு உரிய ரெசிஸ்டரைக் கொடுத்தால் முள் மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் சரி. பழைய வண்டிகளில் செய்வதுபோல வயரை நேரடியாக பாடியில் தொட வைப்பது இப்போதைய மீட்டர்களுக்கு நல்லதல்ல. அப்புறம் எர்த்தில் வோல்டேஜ் இழப்பு. கடைசியாகத்தான் டாங்கில் இருந்து சென்சாரை வெளியே எடுப்பது. எடுத்து, மிதவையைக் கீழிருந்து மேல் வரை மெதுவாகத் தூக்கிக்கொண்டே மல்டிமீட்டரைப் பார்க்க வேண்டும். ஓம் அளவு படிப்படியாக மாறினால் சரி. நடுவில் எங்கேயாவது திடீரென்று எகிறினாலோ அறுந்தாலோ தகடு தேய்ந்திருக்கிறது. மிதவைக்குள் டீசல் புகுந்து கனத்திருக்கிறதா என்று கையில் குலுக்கிப் பார்த்தாலே தெரியும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை இது. ரோட்டோரத்தில் செய்யக் கூடாது என்பதால்தான் நாங்கள் டாங்கைத் தொடவில்லை.

பணிமனையில் நாள் ஆகும் என்றால், காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள இயந்திரவியல் துறையில் இருந்து ஒரு கருத்து கேட்டுப் பெறலாம்.

ஜிபிஎஸ் பொருத்தியவர்களிடம் இருந்து அந்த மாதத்தின் முழுப் பதிவையும், எங்கள் வண்டிக்கென்று எடுத்த அளவீட்டு அட்டவணையையும் பெற்றுத் தர வேண்டுகிறேன். டாங்க் சதுரப் பெட்டி அல்ல. முள் பாதியில் நின்றால் டீசலும் சரிபாதி இருக்கும் என்று சொல்ல முடியாது. டாங்கைக் காலி செய்து, சமதளத்தில் நிறுத்தி, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையால் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு முறையும் ரீடிங் குறித்தால்தான் எத்தனை ஓமுக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். அந்த அளவை எல்லா பங்க்கிலும் இருக்கிறது. எங்கள் வண்டிக்குக் கருவி பொருத்திய அன்று நான் கூடவே இருந்தேன். அப்படி எதையும் ஊற்றிப் பார்க்கவில்லை. அட்டவணையே இல்லாமல் '14 லிட்டர்' என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

சோதனையில் மிதவை, தகடு, வயர், எர்த் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால், மேற்கொண்டு விசாரணைக்கு நான் கட்டுப்படுகிறேன். அதுவரை பிடித்தத்தையும் 17(அ) நடவடிக்கையையும் நிறுத்தி வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே கருவி மாவட்டத்தில் வேறு அரசு வண்டிகளிலும் பொருத்தப்பட்டு வருகிறது. டீசல் குறைந்ததாக எச்சரிக்கை வந்தால் ஓட்டுநருக்குக் குறிப்பாணை அனுப்பும் முன், அடுத்த சில மணி நேரத்தில் கோடு திரும்ப ஏறியதா, மைலேஜ் கணக்கு என்ன சொல்கிறது என்ற இரண்டை மட்டுமாவது பார்க்கும்படி அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் மற்ற ஓட்டுநர்களுக்கும் உதவியாக இருக்கும். அந்த இரண்டையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

வண்டி இப்போதும் ஓட்டத்தில்தான் இருக்கிறது. மழை பெய்தால் எர்த் நிலைமை இன்னும் மோசமாகும், அடுத்த எச்சரிக்கையும் என் பெயரில்தான் வரும். ஆகவே சோதனைக்கு விரைவில் ஒரு நாள் குறித்துத் தர வேண்டுகிறேன். சொல்லும் நாளில், சொல்லும் இடத்துக்கு, டாங்கை நிரப்பிய பில்லோடு வண்டியைக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசு வாகன ஓட்டுநர்,
காரைக்குடி.