டிசம்பர் கண்காட்சி திறந்துவிட்டது: ஒரு நன்றி மடல்

தெருக்காரர்களுக்கும் கலைக்கூடத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் மாதக் கண்காட்சி நேற்று மாலை திறந்துவிட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை திறப்பது எங்கள் வழக்கம். இந்த முறை மார்கழி பிறந்த பிறகுதான் முடிந்தது. காரணம் வெள்ளம். அதை வேளச்சேரிப் பக்கம் இருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில் அதே பழுப்புக் கோடு இருக்கிறது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி. இங்கே தங்கி வேலை செய்யும் கலைஞர்களுக்கு ஒரே ஒரு கட்டாயம்தான் உண்டு: ஆண்டில் ஒரு மாதம் கீழ்த்தளக் கூடம் நம்முடையது, அந்த மாதம் சுவர் காலியாக இருக்கக் கூடாது. வாடகையில் பாக்கி வைத்தாலும் வைக்கலாம், சுவரில் பாக்கி வைக்கக் கூடாது என்பார் எங்கள் மூத்த சிற்பி. டிசம்பர் என் முறை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளைத் துத்தநாகத் தகட்டில் எச்சிங்காக, அதாவது தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அதில் மை நிரப்பித் தாளில் அச்செடுக்கும் முறையில், செய்து வைத்திருந்தேன். 2022-இல் அந்த இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருந்த வேலை. அச்சிட்டு முடித்த தாள்கள் எல்லாம் அலமாரியின் கீழ் இழுப்பறைகளில் இருந்தன. தண்ணீருக்கு முதலில் எட்டுவது கீழ் இழுப்பறைதானே.

எச்சிங் தாளுக்குத் தண்ணீர் புதிதல்ல. பருத்தித் தாளை நனைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகுதான் பிரஸ்ஸில் ஏற்றுகிறோம். உலர்ந்த எண்ணெய் மை அவ்வளவு எளிதில் கரைந்து ஓடிவிடாது. ஆனால் சேறும் பூஞ்சையும் வேறு கதை. சென்னையின் டிசம்பர் ஈரத்தில் தாள் இரண்டு நாள் அடுக்காகக் கிடந்தால் சாம்பல் நிறத்தில் பூத்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சிக்னல் கிடைத்த சில நிமிடங்களில் போனிலேயே பாடம் நடத்தினார். வெயிலில் போடாதே, ஒட்டிக்கொண்ட தாளைப் பிய்க்காதே, ஒற்றுத்தாளை மாற்றிக்கொண்டே இரு. 1966-இல் ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்துக்குள் புகுந்த கதையையும் சொன்னார். இந்தக் காலத்தில் நனைந்த தாளை உறையவைத்துவிட்டு நிதானமாக ஒவ்வொன்றாக உலர்த்துகிறார்களாம். நல்ல யோசனைதான். உறையவைக்க மின்சாரம் வேண்டும். எங்களிடம் மெழுகுவர்த்தி இருந்தது.

மின்விசிறி இல்லை, ஹேர் டிரையர் இல்லை, மின்சார இஸ்திரிப் பெட்டி இருந்தும் பயனில்லை. தாள்களைக் கழுவி மாடி வராந்தாவில் கொடி கட்டித் தொங்கவிட்டோம். காய்வதற்குப் பதில் அவை சுருண்டுகொண்டன. அப்போதுதான் தெரு முனையில் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, வராந்தாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய வண்டி தண்ணீரில் நகர்ந்து அடுத்த தெருவுக்கே போயிருந்தது. அந்த வாரம் இஸ்திரிக்குத் துணி கொடுக்க ஆள் கிடையாது. கொட்டாங்குச்சிக் கரியை மட்டும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி மாடிப்படியில் ஏற்றி வைத்திருந்தார், அது காய்ந்தே இருந்தது.

“தாளுக்குச் சூடு தாங்குமா, தம்பி?” என்று கேட்டார். மிதமான சூடு என்றால் தாங்கும், மேலே ஒற்றுத்தாள் போட்டு, பின்பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும் என்றேன். “அப்படியென்றால் பட்டுப்புடவை மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போய், கரியும் பெட்டியுமாகத் திரும்பி வந்தார்.

இனி நான் எழுதப் போவது தொழில்நுட்பம். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதில்தான் நன்றி அதிகம். எச்சிங் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் ஒன்று இருக்கும். அது நசுங்கினால் படம் வெறும் அச்சுத்தாளாகிவிடும். அதைக் காட்டி அக்காவிடம் சொன்னேன். அவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். பிரஸ்ஸின் கம்பளி மாடியில் தப்பியிருந்தது. அதை விரித்து, படத்தைக் கவிழ்த்து, ஒற்றுத்தாள் போட்டு, ஓரங்களில் மட்டும் அழுத்தம் கொடுத்து, நடுவே பெட்டியின் எடையையே படவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். கரி நிரப்பிய பித்தளைப் பெட்டி என்ன எடை இருக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். சாம்பல் பறக்கும் என்று ஒவ்வொரு முறையும் வராந்தாவின் மறுகோடிக்குப் போய்த்தான் கரியை விசிறினார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டைகளிடம் கற்றிருக்கிறார்.

நடுவில் ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நத்தைகுத்தி” என்றார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நத்தைகுத்தி நாரையின் அலகு முழுவதும் மூடாது, நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும், கலை தெரிந்தவர்கள் உட்பட, அச்சில் அங்கே மை விழவில்லையா என்றுதான் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் அவர்கள் ஊர் வயலில்தான் மேயும் என்றார். அந்தப் பறவையின் காலை மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாகப் போட்டிருக்கலாம் என்பதும் அவர் கருத்து. தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன், யோசிக்க வேண்டும்.

பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. “சட்டைக்கு, பேண்டுக்கு விலை தெரியும். இதற்கு என்ன வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, விடுங்கள்” என்றார். வருமானம் முழுவதும் நின்றுபோயிருந்த வாரத்தில் சொன்னது அது.

சோழமண்டலம் ஓவியர் கிராமம் பற்றி அடிக்கடி பேசுகிறோம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியது, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி விற்ற காசில். பாத்திக் துணியிலிருந்து மெழுகை எப்படி எடுப்பார்கள்? கொதிநீரில் போடலாம். இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார்கள், மெழுகு தாளில் ஏறிவிடும். நம் ஊர் நவீன ஓவியத்தின் வரலாற்றில் எங்காவது ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டியும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இந்தப் பொருளைத் தள்ளுவண்டியில் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம்.

மற்றவர்களையும் சொல்லாவிட்டால் பாவம். பிரஸ்ஸின் உருளையைப் படியில் ஏற்றிய கபடிக் குழுப் பையன்களுக்கு நன்றி. குடிக்கவே தண்ணீர் எண்ணி எண்ணிப் போன நேரத்தில் தாள் கழுவ ஒரு கேன் தந்த எதிர் வீட்டுக் குடும்பத்துக்கு, அதை வாங்கும்போது எனக்கு இருந்த கூச்சத்தைக் கவனிக்காதது போல இருந்ததற்கும் சேர்த்து, நன்றி. வெளி மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் தெருச் சேற்றை அள்ளிய துப்புரவுப் பணியாளர்களின் பெயரைக் கேட்டுக்கொள்வதற்குள் அவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு கொடுத்தால் போதும் என்று பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிரேம் கடைக்காரருக்கும், அச்சகத்தில் மிச்சமிருந்த வெள்ளைத்தாளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்த நண்பருக்கும், இரவெல்லாம் ஒற்றுத்தாள் மாற்றிய என் சக கலைஞர்களுக்கும் நன்றி. புகைப்படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். அவர்களும் நலமாக இருக்கட்டும்.

எல்லாப் படங்களும் தப்பவில்லை. நீர்வண்ணத்தில் செய்த ஆரம்பகட்டப் படங்கள் போய்விட்டன. இரண்டு மரக்கட்டைகள் வளைந்துவிட்டன. சில தாள்களில் சேற்றின் பழுப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அவற்றையும் மாட்டியிருக்கிறேன், சதுப்பு நிலத்தைப் பற்றிய கண்காட்சியில் அவற்றை ஒளித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி என் ஒவ்வொரு பதிப்பிலும் கலைஞர் படியாக, அதாவது பதிப்பின் எண்ணிக்கையில் சேராமல் எனக்கென்று, எடுக்கும் தாள்களில் ஒன்று புங்க மரத்தடிக்குப் போகும். அக்காவிடம் சொன்னேன். ஒழுகாத வீட்டுக்கு மாறிய பிறகு வாங்கிக்கொள்கிறேன், அதுவரை நீங்களே வைத்திருங்கள் என்றார். அவர் பெயரோடு ஓர் உறையில் போட்டு, மேல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அறிமுகப் பலகையில் ‘அச்சு’ என்று என் பெயரும், அதன் கீழே ‘தேய்ப்பு’ என்று அவர் பெயரும் இருக்கின்றன. நேற்று குத்துவிளக்கை ஏற்றியதும் அவர்தான். பேசச் சொன்னோம், மறுத்துவிட்டார்.

கண்காட்சி மாதக் கடைசி வரை, மாலை நான்கு முதல் எட்டு மணி வரை. கச்சேரிக்குப் போகிற வழியில் எட்டிப் பாருங்கள். ஜனவரி எங்கள் மட்பாண்டக் கலைஞரின் முறை. சூளைக்குள் தண்ணீர் புகுந்திருப்பதால் சுடாத பானைகளைத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறார், எப்படியும் சுவரும் தரையும் காலியாக இருக்காது. இஸ்திரி வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாகிவிட்டது, பழைய இடத்திலேயே நிற்கிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார். துணி கொடுங்கள்.

அன்புடன்,
டிசம்பர் மாதக் கலைஞர்