சென்னை மாடிக்குக் கூலன்ட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி நெருங்கினால் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பனை சூடுபிடிக்கும். ‘கிளைகால் ஊற்றிய மாடல், உறையவே உறையாது’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிளைகால் என்பது தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கும் கூலன்ட். உறைபனி ஊட்டிக்காரர்களின் கவலை. சென்னையில் தை மாத விடியலில்கூட 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே ஹீட்டரைக் கொல்வது போர்த் தண்ணீரின் உப்பு.

தண்ணீர் எங்கே அதிகம் சுடுகிறதோ அங்கேதான் சுண்ணாம்பு படியும். குளிக்கிற தண்ணீரே கண்ணாடிக் குழாய்க்குள் போய்வரும் சாதாரண மாடலில் ஒரு குழாயைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகச் சில்லு கொட்டும். அந்த மாடலில் கூலன்ட் ஊற்ற இடமே கிடையாது.

போர்த் தண்ணீர் வீடுகளுக்கு ஏற்றது மறைமுக மாடல். வெயிலை வாங்கும் பேனலுக்கும் டேங்கைச் சுற்றிய உறைக்கும் நடுவே தனித் திரவம் சுற்றும். அந்தத் திரவம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டராக இருந்தால் போதும். அதில் பேனலின் உலோகத்துக்குப் பொருந்திய துருத்தடுப்பு மருந்தைக் கலக்க வேண்டும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை: ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 4.18 கிலோஜூல். 40 சதவீத புரொப்பிலீன் கிளைகால் கலவைக்குச் சுமார் 3.7. எண்ணெய்க்கு 2 சொச்சம்தான். கிளைகால் கெட்டியானது என்பதால், பம்ப் இல்லாமல் சூட்டிலேயே சுற்றும் அமைப்பில் ஓட்டமும் மந்தம்.

கார் கூலன்டை ஊற்றவே கூடாது. பெரும்பாலும் அது எத்திலீன் கிளைகால், விஷம். உறையில் ஊசித்துளை விழுந்தால் குளியலறைக் குழாய்வரை வந்துவிடலாம்.

ஏற்கெனவே புரொப்பிலீன் கிளைகால் இருக்கிறதா? கோடையைக் கவனியுங்கள். சித்திரையில் யாரும் வெந்நீர் திறப்பதில்லை, வீடே ஊருக்குப் போயிருக்கும். சூடு போக வழியின்றி 120 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வெந்தால் கிளைகால் பழுப்பேறி, அமிலமாகி, செம்பை அரிக்கும். ஊருக்குப் போகுமுன் பேனலைத் தார்ப்பாயால் மூடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை அந்தத் திரவத்தில் நனைத்துப் பாருங்கள். 7-க்குக் கீழே என்றால் வடித்து, அலசி, புதிதாக நிரப்ப வேண்டும்.

நிரப்புவது வெயில் ஏறுமுன். கண்ணாடிக் குழாய் மாடலென்றால், வெயிலில் காய்ந்த குழாயில் பச்சைத்தண்ணீர் பட்டதும் படீரென்று விரிசல் விடும். கீழிருந்து கைப்பம்பால் ஏற்றி, மேலே காற்றை வெளியேற்றும் ஏர் வென்டில் குமிழி நிற்கும்வரை விடவேண்டும். காற்று தங்கினால் சுழற்சி நின்றுபோகும். பேனல் கொதிக்கும், டேங்க் ஆறியிருக்கும்.

10 லிட்டர் தண்ணீர் 30-லிருந்து 90 டிகிரிக்குப் போனால் கால் லிட்டருக்கு மேல் விரியும். அதற்கு விரிவு டேங்கும் சேஃப்டி வால்வும் கட்டாயம். வால்வு சொட்டுகிறது என்று அடைத்துவிடும் பிளம்பர்களும் உண்டு! ராத்திரியிலும் சொட்டு நிற்கவில்லை என்றால், வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். அலசியும் நிற்காவிட்டால் உறை ஓட்டையாகி டேங்க் தண்ணீர் உள்ளே புகுகிறதா என்று பாருங்கள்.

விற்பவர்கள் எந்தத் திரவம், எத்தனை சதவீதம், எத்தனை லிட்டர் என்று பில்லிலேயே எழுதித் தரட்டும்.

– வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை