சிசேரியன் தையல் இருக்கும் மகளுக்கு வலி எடுத்தால் விடியும்வரை வைத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளின் முதல் பிள்ளை சிசேரியனில் பிறந்தது. இரண்டாவதைச் சாதாரணமாகப் பெற முயலலாம், ஆனால் வலி தொடங்கியதும் உடனே வந்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். போன ஆவணியில் இரவு 10 மணிக்கு வலி எடுத்தபோது, "விடிய போகலாம், பிள்ளை" என்று சொன்னவள் நான்தான். என் நான்கும் சுகப்பிரசவம். அந்தக் கணக்கிலேயே இருந்துவிட்டேன். சீக்கிரம் ஆகட்டுமென்று விளக்கெண்ணெய்ப் போத்தலையும் எடுத்து வைத்தேன்.

ஒரு மணி போல அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்கும் வலிக்கும் இடையில் மூச்சுவிடக் கொஞ்ச நேரம் கிடைக்குமே, அது அவளுக்குக் கிடைக்கவில்லை. பழைய தழும்பில் உள்ளங்கையை வைத்து, "அம்மா, இந்த இடம் விடாமல் வலிக்குது" என்றாள். நான் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாள். மருமகன் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தார்.

வைத்தியசாலையில் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியதைக் கண்டு நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கருப்பையில் பழைய தையல் விட்டிருந்தது. இரத்தம் ஏற்றினார்கள். கடவுள் புண்ணியத்தில் இருவரும் நலம்.

சிசேரியனுக்குப் பிறகு சாதாரணமாகப் பெற முயல்பவர்களில் 200 பேருக்கு ஒருவர் அளவில்தான் இப்படிக் கிழிகிறதாம். ஆகவே யாரும் பயந்துவிட வேண்டாம். ஆனால் கருப்பையை மேலும் கீழுமாக வெட்டியிருந்தால் ஆபத்து மிகவும் கூட. வெளித்தழும்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆகவே முதல் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும்போது வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்து, முதல் கிளினிக்கிலேயே காட்டுங்கள். வலி வரவைக்கும் மருந்தும் ஆபத்தைக் கூட்டும். அதை வைத்தியசாலையில் பிள்ளையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அப்படியிருக்க நாங்கள் வீட்டில் எண்ணெயும் கசாயமும் கொடுப்பது எவ்வளவு பெரிய பிழை!

விடாத வலி மட்டுமல்ல, இரத்தம் படுவது, தலைசுற்றி வியர்ப்பது, தோள்பட்டையில் குத்துவது, பிள்ளையின் அசைவு குறைவது எல்லாமே அவசரம்தான். வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றால், அதைச் சுகமென்று நினைத்துவிடாதீர்கள்.

கிளினிக் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கர்ப்பிணியோடு வரும் அம்மாவையும் மாமியையும் வெளியே வாங்கில் இருத்திவிடாமல், உள்ளே கூப்பிட்டு இதையெல்லாம் தமிழில் சொல்லுங்கள். இரவில் போவதா இருப்பதா என்று வீட்டில் முடிவெடுப்பது நாங்கள்தான்.

ஒரு தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.