காலுக்கு வந்த துருத்தி

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி முடியும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தோரப்பாடி அண்ணன் அதே ஸ்கூட்டர், அதே கோபம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாத்தியாரின் அக்கார்டியன் போய்விட்டது.

அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று அந்தத் துருத்திப் பெட்டியைத் தூக்கி மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். ஒரு வாரம். வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் எழுப்பும் ரீடு தகடுகளை மரக்கட்டையில் பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகு. திறந்து பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மெழுகு இளகி, தகடுகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு நாக்குகள், துருத்தியை இழுக்கும்போது ஒன்று, அழுத்தும்போது ஒன்று. அவற்றை மூடும் தோல் பட்டைகள் வாடிய வெற்றிலை போலச் சுருண்டிருந்தன. வாத்தியார் ஒரு தகட்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, வாயில் வைத்து ஊதினார். சுத்தமாகப் பேசியது. அதைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஆர்மோனியம் பழுது பார்ப்பவரைக் கூட்டிவந்தேன். மொத்த ரீடையும் கழற்றி மறுபடி மெழுகு வார்க்க வேண்டும், தனக்கு அந்த வேலை பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கச்சேரி ஒப்புக்கொண்டாயிற்று. அந்தத் திடலில் விசுவநாதன்-ராமமூர்த்தி பாட்டுத்தான் கேட்பார்கள். மங்களமூர்த்தி அக்கார்டியன் வாசித்த இடங்களை விட்டுவிட்டு அந்தப் பாட்டுகளை எப்படி வாசிப்பது? "உன் பெட்டியிலேயே வாசி" என்றார் வாத்தியார். கீபோர்டில் அக்கார்டியனைத் தேர்ந்தெடுத்து ஒரு பல்லவி வாசித்துக் காட்டினேன். "சத்தம் வந்துவிட்டது. மூச்சு எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இரண்டு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை.

முதலில் டச்சை, அதாவது விரல் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் வசதியை, அணைத்தேன். அக்கார்டியனில் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தான். பலமெல்லாம் துருத்தியில் இருக்கிறது. டச்சை அணைத்ததும் கை அனாதையாகிவிட்டது. முப்பது வருடமாக விரலால் பேசியவனுக்கு, இனி விரலுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றால் எப்படி இருக்கும்? பிறகு வால்யூம் பெடல் வாங்கினேன். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில், கட்டையை விட்ட பிறகும் சத்தத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடலுக்கு மட்டும்தான் துளை இருக்கும். நல்லவேளை, என்னுடையதில் இதற்கும் இருக்கிறது. அதிலும் ஒரு கண்ணி. அப்படியே மாட்டினால், காலை அழுத்தும்போது கீபோர்டு தானாக வாசிக்கும் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து பொங்குகின்றன. வலது கைக்கு மட்டும் பெடல் என்று அமைத்த பிறகுதான் துருத்தி என் காலுக்கு வந்தது.

சஸ்டெய்ன் பெடலை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். நீ எப்போதும் என்னிடம் சண்டை போடுவாயே, சுரத்தை வளைக்கும் பிட்ச் சக்கரம், அதையும் தொடக் கூடாது. உன் கை என்றால் இரண்டாவது வரியிலேயே அங்கே போயிருக்கும்! அக்கார்டியனில் கமகம் இழுக்க முடியாது. பக்கத்துக் கட்டையைத் தொட்டுவிட்டு வரும் சின்னச் சொடுக்குதான் அதற்கு அழகு. எல்லையும் உண்டு. வாத்தியாரின் பெட்டியில் வலது பக்கம் 41 கட்டைகள். அதற்கு மேலோ கீழோ போனால் அது வேறு வாத்தியம்.

அக்கார்டியன் சத்தத்தில் வரும் அந்த நடுக்கம் நினைவிருக்கிறதா? அது இரண்டு ரீடுகளை ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிசகாகச் சுருதி சேர்ப்பதால் வருவது. நான் ஒரே குரலை இரண்டாக அடுக்கி, ஒன்றை 15 சென்ட் உயர்த்தினேன். ஒரு அரைச் சுரத்துக்கு 100 சென்ட். நடு ஸ்தாயியில் நொடிக்கு நான்கு அலை வருகிறது, அப்படியே அவர் பெட்டி. ஆனால் மேலே போகப் போக நடுக்கம் வேகமாகிக் குளிர் ஜுரம் போல ஆகிவிடுகிறது. சுருதி சேர்ப்பவர்கள் மேல் ரீடுகளில் பிசகைக் குறைத்துக்கொண்டே போவது இதற்காகத்தான்.

துருத்தியை உதறி வாசிப்பதுதான் பெரிய பாடு. வாத்தியார் சில சுரங்களைச் சேர்த்துக் கார்டாகப் பிடித்துக்கொண்டே படபடவென்று இழுத்துத் தள்ளுவாரே, அது. காலால் அந்த வேகம் வராது. ஒரு கையால் தட்டினால் ஆணி அடிப்பது போல இருக்கிறது. ஒரு ராத்திரி, கரண்ட் போய் வந்த பிறகு உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: இடது கையை எடுத்தாலும் ஸ்டைல், அந்தத் தானியங்கிப் பக்கவாத்தியம், கடைசிக் கார்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? நான்கு தாள வட்டத்துக்கு இடது கைக்கு வேலை இல்லை. அதை வலது கை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து, இரண்டு கையும் மாறி மாறி அதே கார்டைத் தொட்டால்? வந்துவிட்டது! நடு ராத்திரியில் கத்திவிட்டேன். அம்மா எழுந்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். வாசித்தேன். அனுபல்லவி முடிவில் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்துப் பெடலை மெல்ல மெல்ல அழுத்தினேன். நன்றாகப் பெருகி வந்தது. இன்னும் பிடித்தேன், ஏழு எட்டு தாள வட்டம் இருக்கும். தற்செயலாக நிமிர்ந்தேன். மடியில் இருந்த அவருடைய இடது கை எழுந்து, பக்கவாட்டில் விரிந்து, இனி விரிய இடமில்லாமல் அப்படியே நின்றது. தோள் நடுங்கியது. சட்டென்று பெடலைத் தளர்த்தி, ஒரு கணம் விட்டு, மறுபடி அழுத்தினேன். கை மடங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு பாட்டு முடியும் வரை நான் கட்டையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கை எங்கே திரும்புகிறதோ அங்கே என் காலும் திரும்பியது.

முடிந்ததும் கண்ணைத் திறந்து, "அந்த நீளத்துக்கு எந்தத் துருத்தியும் வராது" என்று மட்டும் சொன்னார். பிறகு காபி கொண்டுவரச் சொன்னார்.

இப்போது பாட்டுப் புத்தகத்தில் துருத்தி திரும்பும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறேன். பதினாறு பாட்டில் ஒன்பது முடிந்துவிட்டது. ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை கச்சேரி. வாத்தியாருக்கு முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நீ முந்தின நாளே பாங்கோஸோடு வந்துவிடு. காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

உன்,
பழைய இடத்திலேயே இருக்கும் நண்பன்